பலகையில் இடப்பக்கம்

தொமெகிச்சி மழை செதுக்குபவர். எங்கள் பட்டறையில் அவரவர் கைக்கு ஒரு வேலை. முகமும் தலைமுடியும் பட்டறைத் தலைவர் ஹிகோபெய்க்கு. துணி மடிப்பு, மரம், கூரை, கல் எல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு. மழை வந்தால் மட்டும் பலகை தொமெகிச்சியின் மேசைக்குப் போகும்.

மழை சுலபம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள், கோடுதானே என்று. பலகையின் மேல் விளிம்பில் தொடங்கிக் கீழ் விளிம்பு வரை சாய்வாக ஓடும் கோடு அது. முடியளவு கனம். அதன் இரண்டு பக்கமும் மரத்தைச் சீவி எடுத்துவிட வேண்டும், நடுவில் மிஞ்சி நிற்பதுதான் மழை. கை இடையில் நின்றால் அந்த இடத்தில் மழைக்கு முடிச்சு விழுந்துவிடும். அதனால் தொமெகிச்சி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உளியை வைப்பார், கீழ் விளிம்பு வந்த பிறகுதான் வெளியே விடுவார். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நாள் முழுக்கக் காற்றடிப்பது போல இருக்கும்.

"யோவ் தொமெ, உன் புயல்ல என் சீவல் எல்லாம் பறக்குதுய்யா" என்பார் ஹிகோபெய்.

"மழைன்னா காத்தும் சேந்துதான் வரும் தலைவரே. தனியா வேணும்னா வேற ஆளப் பாருங்க."

எங்கள் வேலையில் ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கதை புரியும். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து அனுப்புவார். அந்தத் தாளை முகம் கவிழ்த்துச் செர்ரி மரப் பலகையில் ஒட்டுவோம். பின்பக்கத்தை விரலால் தேய்த்து உரித்தால் கோடுகள் தெரியும், இடம் வலமாக, வலம் இடமாக. தாளோடு சேர்த்து மரத்தை வெட்டுவதால் வேலை முடியும்போது தாளே இருக்காது. பலகை அச்சுக்காரர்களிடம் போகும். அவர்கள் மை தடவித் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும்போது படம் மறுபடி நேராகிவிடும். நேரான படம் ஊருக்கு. எங்களுக்குக் கவிழ்ந்த படம். அச்சான தாள் திரும்பி வந்தாலும் கோடு எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவோம்.

தொமெகிச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தைப் பட்டறையில்தான் கற்றார், அதுவும் படத்தின் மூலையில் வரும் தலைப்பைச் செதுக்கிச் செதுக்கி. அதனால் கவிழ்ந்த எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேரான எழுத்தைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். கடைப் பலகையைப் படிக்கத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். எங்கள் சந்துமுனை நூடுல்ஸ் கடைக்காரன் ஒருமுறை தன் வாசல் திரையை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிவிட்டு, "தொமெ அண்ணே, உங்களுக்காகவே மாட்டியிருக்கேன், இப்பவாவது படிங்க" என்றான். சந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "வாய்க்கு ருசியா இருந்தா போதும், பேரு எதுக்கு" என்று எழுந்து போனார்.

எங்கள் எடோ நகரத்திலிருந்து கிளம்பும் பெரிய சாலை முழுவதையும் அவர் செதுக்கியிருக்கிறார். காற்றில் தொப்பி பறக்க அதன் பின்னால் ஓடுபவன், மடங்கிப்போன குடையோடு மல்லுக்கட்டுபவன், வைக்கோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து நடக்கும் சுமைக்காரர்கள், நனைந்த குதிரை, டோலிக்குள் முடங்கிய பணக்காரக் கிழவர். இவர்கள் எல்லோர் மேலும் மழையைப் பெய்வித்தவர் அவர். ஆனால் எடோவை விட்டு வெளியே போனதில்லை. அவருக்கு அந்தச் சாலை தெரியுமா, தெரியாதா? பல நாள் யோசித்திருக்கிறேன். அதில் நடந்தே பிழைக்கும் ஒருவனுக்குக்கூட ஒவ்வொரு வளைவிலும் இத்தனை நேரம் கண்ணை வைத்திருக்க வாய்த்திருக்காது. அந்த விதத்தில் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவரும் நம்பினார்.

அவருக்கும் ஒசெகிக்கும் ஒரே மகள், ஒகிவா. நூடுல்ஸ் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். வாயாடி. அந்தக் கடைக்கு ஒரு மழைக்காலத்தில் குமாசோ என்கிற டோலி தூக்குபவன் சாப்பிட வந்தான். ஒரு வியாபாரியைச் சாலைப்பக்கத்திலிருந்து தூக்கிவந்தவன். தோளில் கழி அழுத்திய இடம் எலுமிச்சம்பழம் போல வீங்கிக் காய்த்துப்போயிருக்கும். முதுகு நிறையப் பச்சை குத்தியிருந்தான். அடுத்த முறை வந்தபோதும் அங்கேதான் சாப்பிட்டான். அதற்கடுத்த முறை, ஒகிவா அவனோடு போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னாள்.

எங்கள் வரிசை வீட்டில் அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்டது.

"ஆளத் தூக்கிட்டு ரோட்டுல ஓடுறவன் கூடவா?" என்றார் தொமெகிச்சி.

"நீங்க செதுக்குறது எல்லாம் யாரையாம்? அவனுங்களைத்தானே?"

"பலகையில இருந்தா நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்குள்ள வேணாம்."

"அப்ப நானும் பலகைக்குள்ள போயிடறேன்ப்பா. அங்க வெச்சாவது பாப்பீங்கல்ல."

அவர் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தார். சந்தில் நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம், வீட்டு உரிமையாளரும் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு மக இல்ல. இந்த வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது" என்றார்.

கோபத்தில் யாரும் எதையும் சொல்வார்கள். ஆனால் எங்கள் சந்தில் நாலு பேர் முன்னால் பிள்ளையை அறுத்துவிட்டால் அது அறுந்ததுதான். சொன்னவரே அந்தப் பிள்ளை காதில் விழும்படி "நீ என் பிள்ளை" என்று திரும்பச் சொன்னால்தான் ஒட்டும். ஆள் விட்டுச் சொல்லியனுப்பினால் செல்லாது. ஒட்டாமலே செத்துப்போனால் அந்த உயிர் யாருக்கும் சொந்தமில்லை. செத்தவர்கள் கோடையில் வீடு தேடி வரும் நாட்களில் வாசலில் நெருப்பு வைக்க அதற்கு ஆளிருக்காது.

ஒகிவா போய்விட்டாள். குமாசோவின் ஊர் கமெகுபோ. பெரிய சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் சின்னக் குப்பம். தொமெகிச்சி அவள் பேரை எடுப்பதில்லை. ஒசெகி எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த வருடம் சாலைப் படங்களின் புதுத் தொகுதி ஒன்று பட்டறைக்கு வந்தது. ஹிகோபெய் தாள்களைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது கமெகுபோ பிரிவு. பெருமழை. கூரை நிறைய இருக்கு, யாருக்கு வேணும்?" என்றார்.

"எனக்கு" என்றார் தொமெகிச்சி.

"மழை உனக்குத்தான்யா. கூரையச் சொன்னேன்."

"எல்லாமே எனக்கு."

ஹிகோபெய் என்னைப் பார்த்தார், நான் உளியைத் தீட்டுவது போலக் குனிந்துகொண்டேன். தாள் அவரிடம் போயிற்று.

படம் இதுதான். நடுவில் ஒரு வழிகாட்டிக் கல். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் பயணிகள் குனிந்து ஓடி, சின்ன மேடொன்றைக் கடந்து கடலோரக் கூரைகளை நோக்கி இறங்குகிறார்கள். மற்றது ஆளில்லாமல் மரங்களுக்குள் மறைகிறது. எல்லாவற்றின் மேலும் அடர்ந்த மழை. தொமெகிச்சி அந்தப் பலகையைப் போல வேறு எதையும் செதுக்கி நான் பார்த்ததில்லை. கூரைகளுக்கு வந்தபோது ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துத் தடவுவார். எந்தக் கூரையின் கீழ் என்று தேடினாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. பலகையில் அந்தக் கூரைகள் கல்லுக்கு இடப்பக்கம் இருந்தன.

படம் அச்சாகி ஊருக்குப் போனது. இருநூற்றுப் பத்தாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வசந்தம் பிறந்ததிலிருந்து எண்ணி வரும் அந்த நாளுக்கு விவசாயிகளும் மீனவர்களும் பயப்படுவார்கள், புயல் அதை ஒட்டித்தான் வரும். அப்படி ஒரு மூட்டமான காலையில் கெந்தா என்றொருவன் எங்கள் சந்துக்குள் வந்தான். குமாசோவின் டோலிக்கு மறுமுனை தூக்குபவன்.

"மழைக்காரர் வீடு எது?" என்று கேட்டான். காட்டினோம். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"பிரசவம் ஆச்சுங்க. குழந்தை தங்கல. அவளுக்குக் காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. மருத்துவச்சி தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. அப்பா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்னு கேக்குறா. ஒரே ஒரு வார்த்ததானாம். என்ன வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியும்னா."

 உள்ளேயிருந்து ஒசெகியின் குரல் வந்தது. அவளுக்கு இடுப்பு விழுந்துபோய் ஒரு வருடம், சுவரைப் பிடித்துத்தான் எழுவாள்.

"இன்னும் என்னய்யா உக்காந்திருக்க? என் காலு நடந்தா நான் போயிருப்பேன். ஆனா நான் போயி என்ன, சொன்ன வாய் உன் வாயி. நீதான் போயி அதத் திருப்பி எடுக்கணும். எந்திரி."

அவர் எழுந்தார். ஒசெகி தவழ்ந்து போய் உப்புப் பிளம் வைத்துச் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தாள். கெந்தா, "நான் கூடவே வந்திருப்பேனுங்க, வாடிக்கைய வடக்கால இன்னும் தூக்கிட்டுப் போகணும். சாலை பிரியுற எடத்துல மட்டும் யாரையாவது கேட்டுக்குங்க" என்றான்.

"சரி" என்றார் தொமெகிச்சி. வைக்கோல் செருப்பைக் கட்டிக்கொண்டு, அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, சாலை தொடங்கும் நிஹோன்பாஷி பாலம் நோக்கி நடந்தார். பின்னாலிருந்து பார்த்தபோது அவரே செதுக்கிய ஆள் போலத்தான் இருந்தார். அதைச் சொல்லிச் சிரிக்க அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை.

இதற்குமேல் நடந்ததெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே கேட்டது. ஒரே மூச்சில் சொல்லவில்லை. சாக்கே மது உள்ளே போன நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னார்.

முதல் நாள் தூறல்தான். இரண்டாம் நாள் மதியம் பெருமழை பிடித்தது. சாலையில் எதிரே வந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குதிரைக்காரன், "திரும்பிப் போய்யா, பெரிசா வருது" என்று கத்திக்கொண்டே கடந்தான். கமெகுபோ பிரிவுக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க் குடிசை இருந்தது. அதை நடத்துபவள் தட்டிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூரைக்குள் ஒதுங்கினார்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு, இருக்கறதக் குடி" என்று கிண்ணத்தை நீட்டினாள். "எங்க போற இந்த மழையில?"

"கமெகுபோ."

"மழை விடட்டும்யா. இல்லேன்னா வழியக் கேட்டுட்டுப் போ. கல்லுகிட்ட புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க. எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு."

"எனக்கு வழி தெரியும்மா."

"முன்னாடி வந்திருக்கியா?"

"வந்ததில்ல. அந்த எடத்தச் செதுக்குனதே நான்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மலையச் செதுக்குனியா, கடலையும் நீதான் தோண்டுனியா?"

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே பார்த்தார். மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஏதோ ஒன்று சரியில்லாமல் பட்டது. "மழை தப்பான பக்கத்துலேருந்து பெய்யுது" என்றார்.

"மழைக்கு ஏதுய்யா சரியான பக்கம்? நனையறவனுக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்."

அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார். அந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தணிந்துவிடும். அவருடைய பலகையில் மழை இடமிருந்து வந்தது. இங்கே வலமிருந்து வந்தது. கண் கண்டுபிடித்துவிட்டது, வாயும் சொல்லிவிட்டது. இத்தனை நடந்தும் புத்திக்கு அது போய்ச் சேரவில்லை.

சாலையை விட்டு இறங்கியதும் கல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தார், பாசி. அதற்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை. மழைத் திரைக்குள் இரண்டு பாதைகள் போய்க் கரைந்தன. ஆனால் கல்லைத் தொட்டதும், வீட்டுக்குள் வந்தது போல ஒரு நிம்மதி வந்ததாம். கூரைகள் இருந்த பக்கம் கைக்குத் தெரியும். மேட்டின் வளைவு, ஓடும் மனிதர்களின் முழங்கால், எல்லாம் தெரியும். இடப்பக்கம் திரும்பினார்.

பாதை மேடேறியது. படத்திலும் மேடு உண்டு. ஏறினார். மேடு முடியவில்லை. ஓவியர்கள் மேட்டைக் குறைத்துப் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டார். மரங்கள் நெருங்கின. காற்றில் அவை போட்ட இரைச்சல் கடல் இரைச்சல் போலவே இருந்ததால், கடல் பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஒரு ஓடையைத் தாண்டினார், முழங்கால் அளவுத் தண்ணீர். பலகையில் ஓடை இல்லை. மழைக்கு வந்த தண்ணீராக இருக்கும் என்று மேலே நடந்தார். "நீ என் மக. நான் சொன்னது தப்பு" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். "தப்பு" என்கிற இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் சிக்கியது.

பாதை ஒரு கரி சுடுபவனின் காலிக் குடிசையில் போய் முடிந்தது. அதற்குமேல் பாறைதான்.

அந்த மழையில் நிற்க முடியவில்லை. குடிசைக்குள் புகுந்தார். அணைந்துபோன அடுப்பில் ஈரச் சாம்பல் பரந்திருந்தது. எங்கே பிசகினேன் என்று பார்க்க, விரலால் சாம்பலில் அந்தப் படத்தைப் போட்டார். கல்லைப் போட்டார். இடப்பக்கம் கூரைகள், வலப்பக்கம் காடு. மழைக் கோடு ஒன்றையும் இழுத்தார், பழக்கத்தில் மூச்சை அடக்கி. கோடு கீழே வந்தது, மூச்சை விட வாயைத் திறந்தார். அப்போதுதான் தெரிந்ததாம், தான் போட்டிருப்பது படத்தை அல்ல, பலகையை.

"நான் கத்தலைடா" என்று என்னிடம் சொன்னார். "சாம்பல் மேல கையக் கவுத்து வெச்சு எடுத்தேன். உள்ளங்கையில கரியா ஒட்டியிருந்துச்சு. கூரை வலது பக்கம் இருந்துச்சு."

உடனே திரும்பி ஓடினார். முழங்கால் அளவு இருந்த ஓடை இப்போது மரத்தை உருட்டிக்கொண்டு போனது. இறங்கிப் பார்த்தார், அடித்துத் தள்ளியது, ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினார். தொப்பி போய்விட்டது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வடிந்து அவர் கல்லுக்குத் திரும்பி வந்தபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. வானம் கழுவி விட்டது போல இருந்தது. கல்லுக்கு வலப்பக்கம், சின்ன மேட்டுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் கூரைகள் தெரிந்தன.

குமாசோவின் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. ஒகிவாவை வடக்கே தலை வைத்துக் கிடத்தி முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். குமாசோ சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான். பேசினால் காற்றுதான் வந்தது, குரல் இல்லை. எங்கள் ஜனங்களிடம் உயிர் பிரியும்போது கூரைமேல் ஏறிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம், போகிற உயிர் கேட்டால் திரும்பும் என்று. அந்தப் புயலில் அவன் கூரைமேல் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறான்.

"எப்ப?" என்றார் தொமெகிச்சி.

"நேத்து பொழுது சாயறப்ப, மாமா." அதுவரை அவனை அவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. அவன் மாமா என்றான். "நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"மலை வழியா."

"அங்க வழியே கெடையாதே. எதுக்கு அங்க போனீங்க?"

அவர் சொன்னார். பலகை, தாள், கவிழ்த்து ஒட்டுவது, இடம், வலம். சொல்லச் சொல்ல அது ஒரு சாக்கு மாதிரி அவருக்கே கேட்டது. குமாசோ கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், குரலில்லாமல்.

"கல்லுகிட்ட ஒரு ஆள நிக்கச் சொல்லட்டுமான்னு அவகிட்டக் கேட்டேன் மாமா. வேணாம்னுட்டா. இந்த மழையில எவனையும் நிக்க வைக்காத, அது எங்கப்பா செதுக்குன எடம், கண்ண மூடிக்கிட்டு வந்துருவாருன்னா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் படத்தத் தேத்தண்ணிக் கடையில பாத்தா. செதுக்குனவங்க பேரு எதுவும் போடல. மழையப் பாத்தே சொன்னா, இது எங்கப்பா கைன்னு."

தொமெகிச்சி மகளின் முகத்துத் துணியை விலக்கினார். சொல்ல வந்ததைச் சொன்னார். நீ என் மக, நான் சொன்னது தப்பு. இந்த முறை எங்கும் சிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் குனிந்து கேட்டார்கள். ஒரு கிழவி, "இப்ப அவளுக்கு எங்கய்யா கேக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். கூரைக்குப் பதிலாகக் கிணற்றுக்குள்ளும் கூப்பிடுவது உண்டு, உயிர் பூமிக்குக் கீழேதான் போகிறது என்று. ஆனால் அதை உடம்பு சில்லிடுவதற்குள் செய்ய வேண்டும். அவர் கிணற்று விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, "ஒகிவா! என் மகளே!" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அந்தக் குரல் கடற்கரை வரை கேட்டதாம். பெண்கள் தடுக்கவில்லை, ஆனால் ஒருத்தரும் அருகில் வரவுமில்லை. நேரம் கடந்த பிறகு கூப்பிட்டால் வேறு ஏதாவது ஏறி வந்துவிடும் என்று பயம். கடைசியில் குமாசோதான் வந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"போதும் மாமா. விடுங்க. இந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கணும்."

அவர்கள் ஊர்ச் சுடுகாட்டிலேயே எல்லாம் முடிந்தது. குமாசோ அவள் தலைமயிரில் ஒரு பிடியை வெட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தான். "உங்க வீட்டுல வெப்பீங்களா?" என்று கேட்டான். வைப்பேன் என்றார்.

அவர் திரும்பி வந்த சாயங்காலம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவு நகரும் சத்தம் கேட்டது.  ஒசெகி கால் கழுவத் தண்ணீர் வைத்தாள் போல, வாளிச் சத்தம். பிறகுதான் கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அவ கேட்டாளா?"

நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கல" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், கல், மலை, சாம்பல், ஓடை, கிணறு. எதையும் மறைக்கவில்லை. புயல் தடுத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். புயல் தடுத்ததும் உண்மைதானே. அவர் ஏன் அப்படிச் சொல்லாமல் விட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நானாக இருந்தால் ஓடையில் தொடங்கியிருப்பேன்.

 பிறகு ஒசெகி பேசினாள். கத்தவில்லை, களைத்துப்போன குரல்.

"அந்தத் தேத்தண்ணிக் குடிசக்காரி கேளுன்னு சொன்னாளே. வாயத் தொறந்து எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த கேக்க உனக்கு என்னய்யா வந்துச்சு?"

 தாள் பிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கென்று அலமாரி மேல் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஒசெகி சுவரைப் பிடித்துப் பிடித்து அதனிடம் போவது எனக்குக் கேட்டது, நடுவில் இருந்த பலகைச் சுவர் ஒவ்வொரு பிடிக்கும் அசைந்தது. பெட்டிக் கதவைத் திறந்தாள். மயிர்க்கற்றையை உள்ளே வைத்தாள். சின்ன மணியை ஒரு முறை தட்டினாள்.

"ஒகிவா" என்றாள், அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் சொல்வது போல. "உங்கப்பா சொல்லிட்டாராம்டி. கேட்டுக்க."